இயர் டென் பிள்ளை இருக்கும் வீட்டில்

கோவையிலிருந்து இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸுக்கு வந்து நான்கு வருடம், மகன் செப்டம்பரில் இயர் டென் (பதினான்கு வயதில் தொடங்கும் வகுப்பு) போகிறான், அடுத்த வகுப்பான இயர் லெவன் முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பாடங்கள் தொடங்குகின்றன, எங்கள் இருவருக்கும் இந்த ஊர்ப் படிப்பின் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் நான்கு. டியூஷனில் இப்போதே சேர்க்க வேண்டுமா? பாடம் தெரியாத நாங்கள் வீட்டில் என்ன செய்ய முடியும்? மூன்று சயின்ஸும் தனித்தனியாக இல்லாமல் கம்பைன்ட் சயின்ஸில் போட்டுவிட்டார்களே, டாக்டர் கனவு அவ்வளவுதானா? மிருதங்கத்தையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியையும் இரண்டு வருடம் நிறுத்தி வைக்கலாமா?

நான் லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மகளும் இதே பாதையில் போய் முடித்துவிட்டாள். வாத்தியாராகத் தெரிந்துகொண்டதைவிட அப்பாவாகப் பட்டதுதான் அதிகம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மகள் இயர் டென் முடித்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்தேன். மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் நோட்டுப் புத்தகங்கள். வருடம்தான் முடிந்துவிட்டதே என்று மறுசுழற்சித் தொட்டியில் கொட்டிவிட்டேன். மறுநாள் மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஹிஸ்டரி எல்லாவற்றின் பாதிப் பாடமும் அந்தப் பெட்டியில் இருந்திருக்கிறது. திங்கள்கிழமை வண்டி வருவதற்குள் தொட்டிக்குள் தலையை விட்டு முக்கால்வாசியை மீட்டேன். ஒரு ஹிஸ்டரி நோட்டில் மட்டும் தயிர் டப்பா கவிழ்ந்திருந்தது. வாத்தியாராக எனக்கு விஷயம் தெரியாமலில்லை. ஆனால் கை திருச்சியில் பழகிய கை. அங்கே ஏப்ரலில் பரீட்சை முடிந்தால் மே மாதம் பழைய பேப்பர்காரர் வருவார், எடைக்குப் போட்டு வருகிற காசில் ஐஸ்கிரீம் கிடைக்கும்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு இங்கே சறுக்குவது இந்த இடத்தில்தான். இங்கே அந்தந்த வருடப் பாடத்துக்கு அந்தந்த வருடம் பரீட்சை கிடையாது. உங்கள் மகன் இந்த செப்டம்பரில் பயாலஜி முதல் வாரத்தில் செல் பிரிவதைப் படிப்பான். அதை வைத்து அவனுக்கு மதிப்பெண் போடும் உண்மையான பரீட்சை, அடுத்த வருடமும் தாண்டி, இயர் லெவன் மே மாதத்தில் வரும். நடுவில் இருபது மாதம். படித்துப் புரிந்துகொள்வது பாதி வேலை. புரிந்ததை இருபது மாதம் கையில் வைத்திருப்பது மீதி. பள்ளி முதல் பாதியை ஓரளவு நன்றாகவே செய்யும். இரண்டாவது பாதிக்கு வகுப்பில் நேரம் இருக்காது. நாங்கள் பாடத்திட்டத்தை முடிக்க ஓடிக்கொண்டிருப்போம். அந்த இரண்டாவது பாதிதான் வீட்டின் வேலை. நல்ல செய்தி என்னவென்றால் அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்னும் இதை ஓ.எல். என்பார்கள். இங்கே பழைய ஓ லெவல் போய், 1988இல் முதல் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை நடந்தது. 2017இலிருந்து ஏ, பி, சி போய் 9 முதல் 1 வரை எண்களாக மாறியது. 9தான் உச்சம். பழைய ஏ தொடங்கும் இடம் இப்போதைய 7. பழைய சி தொடங்கும் இடம் 4. அந்த 4 சாதாரணத் தேர்ச்சி, 5 வலுவான தேர்ச்சி என்று பேர். இங்கிலீஷிலும் கணக்கிலும் 4 எடுக்காதவர்கள் பதினாறு வயதுக்குப் பிறகும் அந்தப் பாடத்தைத் தொடர்ந்தே ஆக வேண்டும். மற்றப் பாடங்களில் அந்தக் கட்டாயம் இல்லை.

நீங்கள் எழுதிய பாடங்களை வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்கில் மூன்று தாள். இங்கிலீஷ் லாங்வேஜ் இரண்டு, லிட்டரேச்சர் இரண்டு. கம்பைன்ட் சயின்ஸ், பரீட்சை நடத்தும் அமைப்புகளில் ஒன்றான ஏ.க்யூ.ஏ. போர்டு என்றால், ஆறு. ஸ்பானிஷ் நான்கு, அதில் ஒன்று பேச்சுத் தேர்வு. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டு. ஹிஸ்டரி போர்டைப் பொறுத்து இரண்டோ மூன்றோ. மொத்தம் இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு தாள், பெரும்பாலும் மே தொடங்கி ஜூன் முடிவதற்குள். ஐந்து பாடம், 500 மதிப்பெண் என்று வளர்ந்த நமக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும். அவனுக்கும் இருக்கும். அதனால்தான் கடைசி மூன்று மாதத்தில் உருட்டிப் புரட்டிப் படித்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடுவதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், தலா இருபது நிமிடம். அவன் ஒவ்வொரு பாடத்துக்கும் சின்ன அட்டைகள் எழுதட்டும், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். அட்டையை நீங்கள் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அவ்வளவுதான். "மைட்டோசிஸ் எங்கே நடக்கும்?" என்ற கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரிய வேண்டியதில்லை, பின்பக்கம் எழுதியிருக்கிறது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த வாரப் பெட்டிக்குப் போகட்டும். தவறிய அட்டை நாளைக்கே திரும்பி வரட்டும். மூன்று காலணிப் பெட்டி போதும்.

இது எங்கள் வீட்டுக் கைவைத்தியம் மட்டும் கிடையாது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். ஹைலைட்டர் பேனாவால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டு "எல்லாம் படிச்சிட்டேன்மா" என்று வரும்போது பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவனுக்கு எல்லாம் தெரியும்.

அட்டைக்கு அப்புறம் இன்னொன்று. வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு பாடத்தை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக வரட்டும், பரவாயில்லை. என் மகள் லிட்டரேச்சர் நாடகத்தின் கதையை ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ காலில் சொல்வாள். "அந்தப் பொம்பளை ஏண்டி புருஷனை இப்படித் தூண்டி விடறா?" என்று பாட்டி கேட்பார். அதற்குப் பதில் சொல்ல மகள் திணறுவாள். பரீட்சையில் வருகிற கேள்வியும் ஏறத்தாழ அதுதான். பாட்டி ஷேக்ஸ்பியர் பேரைக்கூடக் கேட்டதில்லை.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நவம்பர் வாக்கில் உங்கள் வீட்டில் ஒரு சண்டை வரும். அவன் பள்ளிக்குள் நடக்கும் கணக்குத் தேர்வின் தாளைக் கொண்டுவருவான், நூற்றுக்கு 52 இருக்கும். உங்களுக்குச் சோறு இறங்காது. கொஞ்சம் பொறுங்கள். கணக்கில் ஹையர், ஃபவுண்டேஷன் என்று இரண்டு வகைத் தாள் உண்டு. ஹையர் தாளின் கடைசிக் கேள்விகள் உண்மையிலேயே கடினமானவை, 8, 9 எடுப்பவர்களைப் பிரித்தெடுக்க வைத்தவை. அதில் பாதி மதிப்பெண் எடுத்தால் பல வருடங்களில் 6 வந்துவிடும். 4 வாங்கத் தேவையான மதிப்பெண் மொத்தத்தில் கால் பங்கைக்கூடத் தொடாமல் போவதுண்டு. எல்லை ஒவ்வொரு வருடமும் தாளின் கடினத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். ஆகவே 52 என்றதும் "மீதி 48 எங்கே?" என்று கேட்காதீர்கள். "இது எந்த கிரேடு, அடுத்த கிரேடுக்கு எத்தனை மார்க் குறை?" என்று கேளுங்கள். ஆறு மார்க் குறை என்று பதில் வந்தால் பேச ஏதோ இருக்கிறது.

ஃபவுண்டேஷன் தாளில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் கிடைக்காது. பிறகு ஏ லெவலில் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) கணக்கு எடுக்க நினைக்கும் பிள்ளை ஹையர்தான் எழுத வேண்டும், அதை நடத்தும் சிக்ஸ்த் ஃபார்ம்களில் பெரும்பாலானவை 6 அல்லது 7 கேட்கும். எந்தத் தாள் என்று இறுதி முடிவு இயர் லெவனில் எடுப்பார்கள், ஆனால் அவன் உட்கார்ந்திருக்கும் செட், அதாவது திறனை வைத்துப் பிரித்த வகுப்பு, அதை முன்கூட்டியே ஓரளவு தீர்மானித்துவிடும். இதை மட்டும் இந்த வருடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கில் உங்கள் உதவி நேராகவே பயன்படும் இடம் ஒன்று உண்டு, அது ஆபத்தான இடமும்கூட. ஓர் உதாரணம். 20 சதவீதத் தள்ளுபடியில் ஒரு ஜாக்கெட் 68 பவுண்டு, பழைய விலை என்ன? பல பிள்ளைகள் 68க்கு மேல் 20 சதவீதம் கூட்டி 81.60 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தவறு. 68 என்பது பழைய விலையில் 80 சதவீதம், எனவே 68ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், விடை 85. கோவை அப்பா இதை மனதிலேயே போட்டு "85டா, இதுக்கு எதுக்கு இவ்வளவு எழுதணும்" என்பார். அங்கேதான் வினை. விடை மட்டும் எழுதி அது 84 ஆகிவிட்டால் பூஜ்யம். "68 ÷ 0.8" என்று ஒரு வரி எழுதி, வகுத்தலில் தடுமாறி 84 என்று முடித்தால் மூன்றில் இரண்டு மதிப்பெண் வரும். வழிக்கு மதிப்பெண் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் மனக்கணக்கில் கெட்டி, எழுதிக் காட்டுவதில் கஞ்சம். வருடா வருடம் தாள் திருத்தும்போது எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

மனக்கணக்கை நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு தாளுக்கு, பெரும்பாலும் முதல் தாளுக்கு, கால்குலேட்டர் கிடையாது, வாய்ப்பாடு அங்கே சோறு போடும். மற்ற இரண்டு தாளுக்கும் உண்டு. சயின்டிஃபிக் கால்குலேட்டரை இப்போதே வாங்கி, இரண்டு வருடமும் அதே ஒன்றையே பயன்படுத்தச் சொல்லுங்கள். பரீட்சை அன்று காலை யாரிடமோ இரவல் வாங்கி, எந்தப் பொத்தான் எங்கே என்று தேடும் பிள்ளையை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

கணக்கு ஹோம்வொர்க் ஸ்பார்க்ஸ் என்ற இணையத்தளத்தில் வருகிறது என்றால், திரையில் நூறு சதவீதம் என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். அது நடுநடுவே "முன்பு இந்தக் குறியீட்டுக் கணக்குக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்கும், நோட்டில் வழியை எழுதி வைத்திருப்பவனுக்குத்தான் சொல்ல வரும். நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டு வெள்ளையாக இருந்தால் விடை வேறு எங்கிருந்தோ வருகிறது.

இங்கிலீஷ் வேறு கதை. தமிழ் வீடுகளில் கணக்கில் 8, 9 வாங்கிவிட்டு இங்கிலீஷ் லாங்வேஜில் 5இல் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சரளமாகப் பேசுகிறானே என்று நாமும் கவலைப்படுவதில்லை. ஆனால் அந்தப் பரீட்சையில் மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை. முன்பின் பார்க்காத ஒரு பகுதியைக் கொடுத்து, எழுதியவர் ஏன் இந்தச் சொல்லைப் போட்டார், அது வாசகனை என்ன செய்கிறது என்று கேட்பார்கள். ஏ.க்யூ.ஏ. தாளில் சரிபாதி, 80இல் 40, ஒரே ஒரு கட்டுரைக் கேள்விக்கு. இரண்டாவது தாளில் அது ஒரு விஷயத்தைப் பற்றித் தன் கருத்தை நிறுவி எழுதுவது. பள்ளிச் சீருடை தேவையா, பதினாறு வயதில் ஓட்டு வேண்டுமா என்கிற மாதிரி.

கருத்து எங்கிருந்து வரும்? பேசிப் பழகினால்தான் வரும். நம் வீடுகளில் பெரியவர்களிடம் எதிர்வாதம் செய்தால் "வாய் நீளுது" என்போம். இரண்டு வருடத்துக்கு அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் ஏதாவது ஒரு செய்தியை எடுத்துப் போடுங்கள், தமிழிலேயே. அவன் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். "ஏன்?" என்று இரண்டு முறை கேளுங்கள். இது எந்த டியூஷனிலும் கிடைக்காது. கூடவே வாரத்துக்கு ஒரு நீளமான கட்டுரை, செய்தித்தாளின் கருத்துப் பக்கத்திலிருந்து. லைப்ரரியில் இலவசம்.

லிட்டரேச்சரில் பரீட்சை அறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்று, பிற்காலப் படைப்பு ஒன்று, கூடவே கவிதைகள். மேற்கோள்கள் நினைவில் இருக்க வேண்டும். ஆனால் நீளமானவை வேண்டாம், நான்கைந்து சொல் போதும். அட்டைப் பெட்டி இதற்கும் ஆகும்.

அடுத்து பேரண்ட்ஸ் ஈவினிங். ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம், இப்போது பல பள்ளிகளில் ஆன்லைனில், நேரம் முடிந்தால் பேச்சின் நடுவிலேயே திரை அணைந்துவிடும். இந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு அகராதியே எழுதலாம். இந்த ஊர் ஆசிரியர்கள், நானும் சேர்த்துத்தான், குறையை முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டோம். "அவன் நல்ல கலகலப்பான பையன்" என்றால் வகுப்பில் வாய் ஓயவில்லை என்று பொருள். "அவனால் முடியும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் செய்வதில்லை என்று பொருள். "கொஞ்சம் கூடுதலாகப் பங்கெடுத்தால் நன்றாக இருக்கும்" என்றால் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. நம் ஆட்கள் முதல் பாதியைக் கேட்டுப் பூரித்து, நன்றி சொல்லி எழுந்துவிடுவார்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நன்றாக" என்றுதான் பதில் வரும். மாற்றிக் கேளுங்கள்: இப்போது எந்த கிரேடில் இருக்கிறான், எந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்தால் மேலே போவான், அதற்கு வீட்டில் எந்தப் பக்கத்தை, எந்த இணையத்தளத்தை எடுத்து உட்கார வேண்டும்? பெயரோடு பதில் வாங்காமல் விடாதீர்கள். எந்த போர்டு என்பதையும் பாடவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஏ.க்யூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர்., எடுகாஸ் என்று ஒரே பள்ளியில் பாடத்துக்கு ஒன்றாக இருக்கும். போர்டு தெரியாமல் பழைய வினாத்தாள் எடுத்தால் படிக்காத பாடத்தில் கேள்வி வந்து பிள்ளை மிரண்டுவிடும்.

ரிப்போர்ட்டில் மூன்று விதமான எண்கள் இருக்கலாம். டார்கெட் என்பது பெரும்பாலும் பழைய மதிப்பெண்களை வைத்துப் போட்ட இலக்கு. இப்போதைய நிலை ஒன்று. கடைசியில் என்ன வரும் என்ற ஆசிரியரின் ஊகம் ஒன்று. உங்கள் பையன் இங்கே வந்து நான்கு வருடம்தான் என்பதால் அவனுடைய டார்கெட் எதை வைத்துப் போடப்பட்டது என்று கேளுங்கள். குறைவாகப் போட்டு வைத்திருந்தால் குறைவான செட்டில் உட்கார வைத்திருப்பார்கள்.

இப்போது டியூஷன். செப்டம்பரில் வேண்டாம். எங்கே ஓட்டை என்று தெரியாமல் அடைக்கக் கூடாது. முதல் உள் தேர்வு முடியட்டும், டிசம்பர் வாக்கில் பார்க்கலாம். நம் மக்கள் முதலில் சேர்ப்பது கணக்கு டியூஷன்தான், பையன் ஏற்கெனவே நன்றாகப் போடும் பாடத்தில். காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இங்கிலீஷைப் பாருங்கள். லண்டன் பக்கம் தனி டியூஷன் மணிக்கு முப்பது, ஐம்பது பவுண்டு என்று போகிறது. சனிக்கிழமை மண்டப டியூஷன் மலிவு, ஆனால் முப்பது பிள்ளைகளில் உங்கள் பையன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. டியூஷன் ஆசிரியரிடம் ஒரே கேள்வி: "எந்த போர்டு என்று தெரியுமா?" தடுமாறினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். பள்ளியே மாலையில் இலவசமாக நடத்தும் கூடுதல் வகுப்புகளுக்கு முதலில் போகட்டும். போர்டுகளின் தளங்களில் பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் சும்மா கிடைக்கின்றன. கணக்குக்கு கார்பெட்மேத்ஸ், எல்லாவற்றுக்கும் பி.பி.சி. பைட்சைஸ், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஒரு எச்சரிக்கை: முழுப் பழைய வினாத்தாள்களை இயர் டென்னிலேயே கரைத்துவிடாதீர்கள். பாதிப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள், இயர் லெவனில் பயிற்சிக்குப் புதுத்தாள் மிஞ்சாது. இப்போது தலைப்புவாரிக் கேள்விகள் போதும்.

கம்பைன்ட் சயின்ஸ் பற்றி நீங்கள் தூக்கம் தொலைத்திருப்பது தெரிகிறது. டாக்டர் கனவு எங்கேயும் போகவில்லை. கம்பைன்ட் என்றால் மூன்று சயின்ஸும் சேர்ந்து இரண்டு ஜி.சி.எஸ்.இ., கிரேடு 7-7, 7-6 என்று இரட்டையாக வரும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் மூன்றும் அதில் உண்டு, ஆழம் கொஞ்சம் குறைவு. ஏ லெவலில் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் எடுக்க நல்ல கிரேடு இருந்தால் சிக்ஸ்த் ஃபார்ம்கள் சேர்த்துக்கொள்கின்றன, மருத்துவக் கல்லூரிகளும் இரட்டை சயின்ஸை ஏற்கின்றன. தனித்தனியாக மூன்று எடுத்து 6, 6, 5 வாங்குவதைவிட இதில் 8-8 வாங்குவது மேல் என்பது என் கட்சி. மருத்துவக் கல்லூரிகள் இங்கிலீஷையும் கணக்கையும் பார்க்கும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

சயின்ஸில் பிள்ளைகள் கோட்டைவிடுவது செய்முறைக் கேள்வியில். குறைந்தது 15 சதவீத மதிப்பெண் வகுப்பில் செய்த சோதனைகளைப் பற்றியது. அந்த நாளில் லீவு போட்டவனுக்கு அது வெறும் படம். இது நேராக டிசம்பர் பயணத்துக்கு வருகிறது. டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பி, பொங்கல் முடித்து வருவது நம் வழக்கம். பத்து பள்ளி வாரத்துக்குள் ஐந்து நாள் அனுமதியில்லாமல் போனாலே அபராதம் வரலாம். ஒரு பிள்ளைக்கு அப்பா, அம்மா ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளில் கட்டாவிட்டால் 160. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த இரண்டு வாரப் பாடம். இயர் டென்னில் போனது இயர் லெவனில் திரும்ப நடத்தப்படாது. இயர் லெவன் கோடையில் ஜூன் கடைசி வாரத்தில் ஒரு மாற்று நாள் ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஏதாவது காரணத்தால் பரீட்சை தள்ளிப்போனால் அன்று நடக்கும். அதற்கு முன்னால் விமான டிக்கெட் போடாதீர்கள்.

எழுதுவது மெதுவாக இருக்கிறது, படிக்கும்போது வரி மாறுகிறது, கவனம் நிற்கவில்லை என்று ஏதாவது தோன்றினால் இயர் டென்னிலேயே பள்ளியின் சென்கோவிடம், அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியரிடம், சொல்லுங்கள். தகுதியுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும், பெரும்பாலும் 25 சதவீதம். ஆனால் வகுப்பிலும் அப்படித்தான் வேலை செய்கிறான் என்பதற்குப் பள்ளியிடம் ஆதாரம் சேர வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நம்மவர்கள் இதை மறைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் பால் கொடுத்துப் படிக்க வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, இரவு சீக்கிரம் தூக்கம் வராது. எட்டு மணி நேரமாவது தேவை. போன் இரவு பத்து மணிக்கு ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், உங்களுடையதும்தான். அப்பா போன் படுக்கையில் இருக்கும்போது மகன் போனை மட்டும் பிடுங்கினால் அந்தச் சட்டம் ஒரு வாரம் தாங்காது.

மிருதங்கத்தை நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் தாளம் போடுவதால் எந்தக் கிரேடும் குறைந்ததில்லை. தமிழ்ப் பள்ளியும் அப்படியே. குஜராத்தி, பஞ்சாபி, வங்காளம், உருது எல்லாவற்றுக்கும் இங்கே ஜி.சி.எஸ்.இ. உண்டு, தமிழுக்கு இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சான்றிதழ் வராது என்பதற்காகத்தான் நிறைய வீடுகளில் இயர் டென்னில் தமிழை முதலில் வெட்டுகிறார்கள். உங்கள் வீட்டில் அது நடந்தால், பாட்டிக்கு வீடியோ காலில் பாடம் சொல்ல ஆள் இருக்காது. இயர் லெவன் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மட்டும் இரண்டுக்கும் லீவு சொல்லிக்கொள்ளலாம். அரங்கேற்றம் வைக்கும் எண்ணம் இருந்தால் அந்த வருடம் ஆகஸ்டில் வையுங்கள். ரிசல்ட் வரும் வியாழக்கிழமை எது என்று மட்டும் பார்த்துவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.